கடலைக் காட்டில் ஐந்து நாள்: மாணவர்களின் பண்ணைத் தொண்டுப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

கல்லூரியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ இறைநம்பிக்கையின் பெயரால் நடத்தப்படும் தொண்டுப் பயணங்களுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்காகவும், ஆலயப் பங்குகளில் இளைஞர் குழுக்களை நடத்துபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்துச் செம்மண் காட்டில் அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு சிறு பண்ணைக்கு ஆண்டுதோறும் மாணவர்களை அழைத்துச் சென்று வருகிறேன். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அங்கே கற்றது. அதிலும் ஒரு பகுதி, தவறு செய்து கற்றது.

முதல் ஆண்டு 46 மாணவர்களை அழைத்துச் சென்றேன். மறுநாள் காலை ஏழு மணிக்குள் மேல்தொட்டி காலியாகிவிட்டது. மும்முனை மின்சாரம் பத்து மணிக்குத்தான் வரும் என்பதால் மோட்டாரை ஓட்ட வழியில்லை. வயதான இரண்டு சகோதரிகள் எங்களுக்குக் காலை உணவு சமைப்பதற்காகக் கிணற்றடியில் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று மாலைக்குள் எங்கள் பிள்ளைகள் ஒரு பாத்தி முழுவதிலும் களையோடு சேர்த்துக் கடலைச் செடியையும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். சகோதரிகள் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. நாங்கள் அவர்களுக்கு உதவி செய்ய வந்த ஆட்கள் அல்லர், அவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டிய ஆட்கள் என்பது எனக்கு அன்றிரவுதான் புரிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு முடிவையும் ஒரே கேள்வியை வைத்து எடுக்கிறேன்: நாம் வந்து போனபின் பண்ணையின் வேலை குறைந்திருக்குமா, கூடியிருக்குமா?

பண்ணையைத் தேடுவதும் முதல் சந்திப்பும்

வழிபாடும் உழவும் ஒன்றாக நடக்கும் இடங்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. திருப்பத்தூரில் 1921இல் ஜேசுதாசன், பேட்டன் என்னும் இரண்டு மருத்துவர்கள் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமமும், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் 1950இல் தொடங்கப்பட்ட சாந்திவனமும் பலரும் அறிந்தவை. ஆனால் மாணவர் குழுவுக்குப் பொருத்தமானவை பெரும்பாலும் வெளியில் பெயர் தெரியாத சிறு பண்ணைகளே: துறவற சபைகள் நடத்தும் தோட்டங்கள், ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்தோடு சேர்ந்த நிலங்கள், முதியோர் இல்லத்துக்குக் காய்கறி விளைவிக்கும் இரண்டு மூன்று ஏக்கர்கள். விளைச்சல் யாருடைய தட்டுக்குப் போகிறது என்று கேளுங்கள். அந்த இடத்திலேயே வாழும் பிள்ளைகளுக்கோ முதியவர்களுக்கோ நோயாளிகளுக்கோ போகிறது என்றால், மாணவர்கள் கையால் செய்யும் வேலைக்கு நேரடியான பயன் உண்டு. லாபத்துக்கு நடக்கும் தோட்டத்தில் கூலியில்லா ஆளாக மாணவர்களை நிறுத்துவது தொண்டு ஆகாது.

பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்னதாக, மாணவர் யாரும் இல்லாமல், நீங்கள் மட்டும் ஒருமுறை போய் ஒரு இரவு தங்கிவிட்டு வாருங்கள். தொலைபேசியில் கேட்டால், "வாங்க, வாங்க, பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் நம் ஊரில் பதில் வரும். வருபவரை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. நேரில் போய், உடன் நடந்து, கண்ணால் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். கழிப்பறைகள் எத்தனை, அவற்றில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ளவை எத்தனை, நாப்கினை அப்புறப்படுத்த வழி உண்டா, மும்முனை மின்சாரம் எந்நேரம் வருகிறது, மேல்தொட்டி எத்தனை லிட்டர், படுக்கும் கூடத்தின் கதவுக்கு அடியில் இடைவெளி உண்டா, அரசு மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும், 25 பேருக்கு ஓர் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒரே நாளில் தீர்ந்துவிடும். எத்தனை பேர் போகலாம் என்பதை உங்கள் பேருந்தின் இருக்கைகளைப் பார்த்து முடிவுசெய்யாமல், அந்தத் தொட்டியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். நான் இப்போது 22 பேருக்கு மேல் அழைத்துப் போவதில்லை.

பண்ணையில் கூலிக்கு வேலை செய்பவர்களையும் அந்தப் பயணத்திலேயே சந்தித்துவிடுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். களையெடுப்பு என்பது அக்கம்பக்கத்துப் பெண்களின் பருவ வருமானம். இலவசமாக 22 பேர் வந்து ஐந்து நாளில் அதை முடித்துவிட்டால், அந்த ஐந்து நாள் கூலி அவர்களுடைய அடுப்பிலிருந்து போய்விடும். பண்ணைப் பொறுப்பாளரிடம் இதை வெளிப்படையாகப் பேசி, இரண்டில் ஒன்றை முடிவுசெய்யுங்கள்: கூலி ஆள் வைத்துச் செய்யப் பண்ணைக்கு வசதியில்லாமல் ஆண்டாண்டாகக் கிடக்கும் வேலைகளை மாணவர்கள் செய்வது, அல்லது வழக்கமாக வரும் பெண்கள் வழக்கமான கூலிக்கே வந்து, மாணவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது. இரண்டாவதற்கான கூலியைப் பயணச் செலவில் சேர்த்துவிடுவது நியாயம். எங்கள் குழுவில் இது பயணக் கட்டணத்தின் முதல் வரியாக இருக்கிறது.

எந்த மாதம் போவது

கல்லூரி நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிப்பதுதான் பெரும்பாலான குழுக்களின் வழக்கம். பருவத் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் கிளம்புவார்கள். அப்போது நிலம் காய்ந்து கிடக்கும், வெயிலில் பத்து மணிக்குமேல் நிற்க முடியாது, பண்ணையில் இவர்களுக்காகவே வேலையை உண்டாக்க வேண்டியிருக்கும். ஒரு குழு நட்ட மரக்கன்றுகள் அத்தனையும் அந்த மே மாதத்திலேயே கருகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பயிரின் நாட்காட்டியைப் பாருங்கள். மானாவாரிக் கடலையை ஆடிப் பட்டத்தில் விதைத்தால் முதல் களை 20, 25 நாளில் வரும், அதாவது ஆவணியில். இரண்டாம் களையும், செடியின் அடியில் மண்ணைக் கூட்டிவிடும் மண் அணைப்பும் 40, 45ஆம் நாளுக்குள் முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் ஜிப்சமும் இடுவார்கள். அதற்குப் பிறகு பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போயிருக்கும். அந்த நேரத்தில் களைக்கொத்தை உள்ளே விட்டால் விழுது அறுந்து காய் பிடிக்காது. ஆகவே இரண்டு வாரம் தள்ளி வரும் நல்ல மனம் படைத்த குழுவால் கெடுதலே நேரும். இந்த இரண்டு காலங்களும் பருவம் நடந்துகொண்டிருக்கும்போது வருவதால், தொடர் விடுமுறையோடு இரண்டு நாளைச் சேர்த்து ஐந்து நாளாக ஆக்கிக்கொள்ள நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமைக் கணக்கில் கொண்டு இதை நடத்த முடியுமா என்றும் கேட்கலாம். 1969இல் தொடங்கிய அந்தத் திட்டம் மதச்சார்பற்றது என்பதால், அப்படி நடத்தினால் வழிபாட்டை முகாமின் அங்கமாக வைக்கக் கூடாது.

கோடையில்தான் முடியும் என்றால், கோடைக்குரிய வேலையைக் கேட்டு வாங்குங்கள்: குட்டை தூர் வாருதல், வரப்பு உயர்த்துதல், மட்கு எருக் குழி வெட்டுதல், தொழுவத்துக்குக் கூரை மாற்றுதல். சீமைக்கருவேலத்தை வெட்டும் வேலையை மட்டும் மாணவர்களிடம் கொடுக்காதீர்கள். அதன் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும், ஏறிய இடம் சீழ் பிடிக்கும்.

அரிசி, பணம், அனுமதி

சமையலைப் பண்ணையின் தலையில் ஏற்றக் கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு உருளை அனைத்தும் உங்களோடு போக வேண்டும். சமைப்பதும் பாத்திரம் கழுவுவதும் முறைவைத்து மாணவர்களே செய்ய வேண்டும். வயலில் உழைக்கும் இளம் பிள்ளைகள் வீட்டில் சாப்பிடுவதைவிடக் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். 25 பேருக்கு ஐந்து நாளுக்கு 50 கிலோ அரிசி தேவைப்படும்.

அந்த அரிசியைச் சேர்ப்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. தென்மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை ஆலயத்துக்கென எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசிப் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி முன்வைத்த பிடி அரிசித் திட்டமும் பலருக்குத் தெரிந்ததே. பயணத்துக்கு முந்தைய ஆறு வாரம், ஒவ்வொரு மாணவரின் வீட்டிலும் சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்களிக்க முடிகிறது; பயணத்துக்கு வராத தாயும் பாட்டியும் அதில் கலந்துகொள்கிறார்கள். பொன்னியும் ரேஷன் அரிசியும் ஒரே சாக்கில் கலந்து வேகும்போது சோறு ஒருபுறம் குழைந்தும் ஒருபுறம் விறைத்தும்தான் இருக்கும். ஐந்து நாளில் ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல், துறைத் தலைவரின் கடிதம், காப்பீடு, உள்ளூர் ஊராட்சித் தலைவருக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் ஆகியவை வழக்கமானவை. இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதலாம் ஆண்டு மாணவர்களில் பலருக்குப் பதினெட்டு நிறைந்திருக்காது. சட்டப்படி அவர்கள் குழந்தைகள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். பெண்கள் இருக்கும் குழுவில் குறைந்தது ஒரு பெண் ஆசிரியர் இரவும் பகலும் உடனிருக்க வேண்டும். பெரியவர் எவரும் ஒரு மாணவரோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது, அவர் துறவியே ஆனாலும் சரி. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இரண்டாவது, அரசியலமைப்பின் 28ஆம் பிரிவின்படி, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் எந்த மாணவரையும் அவருடைய ஒப்புதல் இல்லாமல், சிறுவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல், வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்க முடியாது. ஒப்புதல் படிவத்தில் இதற்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

புறப்படுவதற்கு முன் மூன்று கூட்டங்கள்

முதல் கூட்டத்தில் பொருட்களைப் பேசுங்கள்: முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது துண்டு, காலை மூடும் பழைய காலணி, டார்ச், கொசுவலை, சொந்தத் தட்டும் தம்ளரும், இரண்டு தண்ணீர் பாட்டில்கள். டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டு ஆண்டுகள் ஆகியிருந்தால் புறப்படுமுன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களின் விவரம் உங்கள் சட்டைப் பையில் ஒரு தாளில் இருக்கட்டும்.

இரண்டாம் கூட்டம் சாதியைப் பற்றியது. இதைத் தவிர்த்துவிட்டு நம் கிராமம் எதற்கும் போக முடியாது. ஊர்த் தெருவும் காலனித் தெருவும் எங்கே பிரிகின்றன, நாம் தங்கும் இடம் எந்தப் பக்கம், களையெடுக்க வரும் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள், தேநீர்க் கடையில் யாருக்கு எந்தத் தம்ளர் என்பதையெல்லாம் மாணவர்கள் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். ஊருக்குள் நம்மை வரவேற்கிறவர்கள், "அந்தப் பக்கம் சாப்பிட வேண்டாம், நம்ம வீட்டுக்கு வாங்க" என்று அன்போடுதான் சொல்வார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்யாவிட்டால், அந்த நேரத்தில் மரியாதைக்குக் கட்டுப்பட்டுத் தலையாட்டிவிடுவோம். எங்கள் வழக்கம் இது: வேலை செய்யும் எல்லோரும், கற்றுக்கொடுக்கும் பெண்களும் சேர்ந்து, பண்ணையிலேயே ஒரே பந்தியில் சாப்பிடுவோம், ஐந்து நாளும் தனி வீட்டு விருந்துக்கு யாரும் போவதில்லை. கழிப்பறை கழுவும் முறையிலிருந்து எவருக்கும் விலக்கில்லை. முதல் நாள் முறை ஆசிரியருடையது. நான் துடைப்பத்தை எடுத்த காலைக்குப் பிறகு அந்த வேலையை யாரும் மறுத்ததில்லை.

மூன்றாம் கூட்டத்தில், ஏன் போகிறோம் என்பதை மாணவர்களையே பேச விடுங்கள். ஏழைகளுக்கு உதவப் போகிறோம் என்று ஒருவர் சொல்வார். அதை உடனே மறுத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பயணம் முடிந்தபின் அதே கேள்வியை மறுபடி கேட்பதற்காக, சொன்னதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

வயலில்

எழுந்திருப்பது ஐந்தரை மணி. ஆறு மணிக்குக் கடுங்காப்பியோ சுக்குக் காப்பியோ குடித்துவிட்டு வயலில் இறங்கினால் பத்து மணி வரை வேலை. நடுவில் எட்டரைக்கு வயலுக்கே கஞ்சி வந்துவிடும். நீராகாரத்தில் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கும் அந்த வேளையை மாணவர்கள் ஆண்டுகள் கழித்தும் நினைவுகூர்கிறார்கள். வெயில் ஏறியதும் நிழல் வேலை, குளியல், சாப்பாடு, உறக்கம். மறுபடியும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வயல் வேலை வைக்க வேண்டாம். பழக்கமில்லாத உள்ளங்கைகள் இரண்டாம் நாளே கொப்புளிக்கும்.

களையெடுப்பைக் கற்றுக்கொடுப்பதற்கு முதல் நாளில் ஒரு மணி நேரம் முழுவதையும் ஒதுக்குங்கள். கடலைக் காட்டில் மாணவர்களை ஏமாற்றும் செடி தகரை. இளஞ்செடியில் இரண்டும் ஒரே பச்சை, ஒரே முட்டை வடிவ இலை, இரண்டுமே இரவில் இலையை மடக்கிக்கொள்ளும். எங்கள் பாத்தி அழிந்துபோன மறுநாள், அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து, இரண்டு கைகளிலும் ஒவ்வொரு செடியைப் பிடித்துக் காட்டினார். கடலைக்கு ஒரு காம்பில் நான்கு இலை, இரண்டு ஜோடி. தகரைக்கு ஆறு, மூன்று ஜோடி. "நாலெலைய உடு, ஆறெலையப் புடுங்கு, அவ்வளவுதான் தம்பி" என்றார். அன்று முதல் பிள்ளைகள் அவரை அப்பாயி என்றே அழைத்தார்கள்; அடுத்த ஆண்டுகளில் முதல் மணி நேர வகுப்பு அவருடையதானது.

கோரையை அப்படிப் பிடுங்க முடியாது. மேலே பற்றி இழுத்தால் புல் மட்டும் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் இருந்துகொண்டு பத்து நாளில் மறுபடி முளைக்கும். களைக்கொத்தைச் சாய்வாக இறக்கி, கிழங்கோடு நெம்பி எடுத்து, வரப்பின்மேல் வேர் வெயிலைப் பார்க்கும்படி போட வேண்டும். கடலைச் செடியை ஒட்டியுள்ள களைக்குக் கருவியே வேண்டாம். ஒரு கையால் செடியின் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் களையை இழுக்க வேண்டும். இவ்வளவு கவனமாகச் செய்தால் ஒரு மாணவர் ஒரு காலையில் முடிப்பது அனுபவமுள்ள பெண் ஒருவர் முடிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அது இயல்புதான். பரப்பைச் சொல்லிப் போட்டி வைத்தால் பயிர் சாகும் என்பதால், எந்த வயல் வேலையிலும் குழுக்களுக்குள் போட்டி வைக்காதீர்கள்.

நான்கு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கில் பிரித்து, ஒரே குழுவை ஐந்து நாளும் ஒரே வேலையில் விடுங்கள். நாளுக்கொரு வேலை என்று மாற்றினால் மாணவர்களுக்குச் சுவையாக இருக்கும், பண்ணைக்கு நாள்தோறும் புது ஆளுக்குக் கற்றுக்கொடுக்கும் தொல்லையாகும். மூன்றாம் நாள் அலுப்பு வரும். நான்காம் நாள் கை பழகும். ஐந்தாம் நாள்தான் பண்ணைக்கு ஒரு முழு ஆளின் வேலை கிடைக்கும். அரிவாளும் கடப்பாரையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கப்பட வேண்டும். பூச்சிமருந்து அடிக்கும் வேலையிலும், பம்புசெட் அறையிலும் மாணவர்களுக்கு அனுமதி இல்லை.

கிணறு, பாம்பு, வெயில்

பாசனக் கிணற்றில் குளிப்பதற்கு ஒருவருக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும்கூட, அனுமதி கொடுக்காதீர்கள். கிணறு பெரும்பாலும் சுவரில்லாமல் இருக்கும், படி பாசி பிடித்திருக்கும், அடியில் மோட்டார்க் குழாயும் கம்பியும் இருக்கும். இந்த ஒரு விதியை மீறியவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பெற்றோர் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள், அப்படியே செய்யுங்கள்.

பாம்பைப் பற்றி மாணவர்களைப் பயமுறுத்த வேண்டாம், ஆனால் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குதான் நம் பகுதியில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் வேலை செய்யும். கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலிகூடத் தெரியாமல் போகலாம். ஆகவே தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகிக்கொண்டுதான் படுக்க வேண்டும்; இரவில் டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குப் போகக் கூடாது; காலையில் காலணியைத் தட்டிவிட்டுப் போட வேண்டும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் ஒரு பலகையோடு தளர்வாகக் கட்டி, ஆளை நடக்க விடாமல், 108ஐ அழைத்தோ கைவசம் உள்ள வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த மருத்துவமனையில் மருந்து கையிருப்பில் உள்ளது என்பதைப் பயணத்துக்கு முந்தைய வாரமே கேட்டு வைத்திருங்கள். ஒரு வண்டியும் ஓட்டுநரும் ஐந்து இரவும் பண்ணையிலேயே இருக்க வேண்டும். செலவைக் குறைக்க இதில் கைவைக்காதீர்கள்.

வெயிலுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் போதுமான அளவு இருக்கட்டும். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். கால் வெடிப்பும் புண்ணும் உள்ளவர்களைத் தேங்கிய நீரில் இறக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. ஊர் திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால், வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சலில் உடலில் மறைவான ஓர் இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கரும்புண் இருக்கலாம். சொன்னால்தான் தேடிப் பார்ப்பார்கள். இதை ஒரு சிறு தாளில் அச்சிட்டுத் திரும்பும் நாளில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுகிறேன்.

வேண்டுதலும் இரவுப் பேச்சும்

ஆண்டவருக்காகச் செய்யும் வேலை அரைகுறையாக இருக்கக் கூடாது என்பதே வயலில் நான் மாணவர்களிடம் பேசும் ஒரே இறையியல். அதற்குமேல் பேச்சு தேவைப்பட்டதில்லை. கிறிஸ்தவ மாணவர்களுக்கு லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் போதும்: அறுக்கும்போது வயலின் ஓரத்தை விட்டு வை, சிந்தியதைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்ற கட்டளை, கடலைக் காட்டு வரப்பில் உட்கார்ந்து வாசிக்கும்போது வேறு மாதிரி காதில் விழுகிறது. சைவக் குடும்பத்து மாணவர்களுக்கு அப்பர் கையில் பிடித்திருப்பது என்ன கருவி என்று நினைவூட்டினால், கோயில் புல்லைச் செதுக்கும் அந்த உழவாரத்தையும் தங்கள் கையில் உள்ள களைக்கொத்தையும் அவர்களே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள். இஸ்லாமிய மாணவர்களுக்கு நண்பகல் தொழுகை ஓய்வு நேரத்திலேயே வந்துவிடும். பிற்பகல் தொழுகையான அஸருக்கு மாலை வேலையின் நடுவில் சில நிமிடமும், கைகால் கழுவ நீரும், சுத்தமான ஒரு பாயும், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய்வர வண்டியும் நீங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியவை. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

கிராமத்தாரிடம் சமயம் பேசுவதற்கு இந்தப் பயணம் இடமல்ல. துண்டுப் பிரசுரம், வீடு வீடாக வேண்டுதல் ஆகியவற்றுக்குக் கண்டிப்பாக இடமில்லை. உதவியோடு சமயத்தைச் சேர்த்துக் கொடுத்தால், பெறுகிறவர் மறுக்க முடியாத நிலையில் நிற்கிறார். அது அவருக்கும் அவமதிப்பு, நம் நம்பிக்கைக்கும் அவமதிப்பு.

இரவு உணவுக்குப் பின் முக்கால் மணி நேரம் வட்டமாக உட்காருங்கள். "இன்று என்ன உணர்ந்தீர்கள்?" என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். "இன்று யாரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டீர்கள், அவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள். முதல் இரவு பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. அடுத்த நாள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கூலி எவ்வளவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏன் வேறு, இந்த நிலம் யாருடையது, அப்பாயிக்குச் சொந்த நிலம் ஏன் இல்லை என்ற கேள்விகள் மூன்றாம் இரவில் தாமாக எழும். அவற்றுக்கு விடை தெரிந்ததுபோல் நீங்கள் முடித்துவைக்காதீர்கள். தூங்கப் போகும்போதும் கேள்வியோடு போகட்டும்.

கைபேசியைப் பகலில் ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடுகிறோம்; பெற்றோர் அழைக்க ஆசிரியரின் எண் உண்டு. புகைப்படம் எடுக்க ஒருவரை மட்டும் நியமித்து, இல்லத்துப் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி நாளில் சேலை, மிட்டாய் என்று கொடுத்து மேடை போடுவதையும் விட்டுவிடலாம். கற்றுக்கொடுத்தவர்களுக்குக் கூலியை முதல் நாளிலிருந்து அன்றன்றே கொடுத்து முடிப்பதே அவர்களுக்கான மரியாதை.

திரும்பியபின்

கிளம்புமுன் ஒரு நோட்டில் ஐந்து விவரங்களை எழுதிப் பண்ணையில் ஒரு படியும் உங்களிடம் ஒரு படியும் வையுங்கள்: எந்தப் பாத்தி வரை வேலை முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எந்தக் கருவி உடைந்தது, மீதமான அரிசி எவ்வளவு, அடுத்த குழு என்ன கொண்டுவர வேண்டும். உடைந்ததை அந்த வாரமே வாங்கி அனுப்புங்கள். பிறகு பண்ணைப் பொறுப்பாளரிடம், நாங்கள் வந்ததால் உங்களுக்கு என்ன தொல்லை நேர்ந்தது என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். நன்றிக் கடிதத்துக்கு நன்றிதான் பதிலாக வரும். இந்தக் கடிதத்துக்கு, "மாட்டுக்கு வைத்த தண்ணீரில் பிள்ளைகள் கை கழுவினார்கள்" என்று உண்மையான பதில் ஒருமுறை வந்தது.

ஆவணியில் களையெடுத்தவர்கள் அறுவடைக்கு மறுபடி போக வேண்டும். ஆடிப் பெருக்கை ஒட்டி விதைத்த கடலை சுமார் 105 நாளில், ஐப்பசிக் கடைசியில் பறிப்புக்கு வரும். அதுதான் வடகிழக்குப் பருவமழையின் உச்சம். முற்றிய காய் ஈர மண்ணில் கிடந்தால் முளைத்துவிடும் என்பதால், இரண்டு நாள் வெயில் அடித்ததும் பறித்தாக வேண்டும். பறித்த செடியை நிழலுக்குக் கொண்டுவந்து குவித்து, சுற்றி உட்கார்ந்து காய் ஆய வேண்டும். அந்த நாளை ஒரு மாதம் முன்னால் குறிக்க முடியாது. ஆகவே பயணத்தில் வந்தவர்களில் ஒரு நாள் முன்னறிவிப்பில் கிளம்பக்கூடிய பத்துப் பேரின் பட்டியலை, வீட்டின் ஒப்புதலோடும் துறையின் அனுமதியோடும், ஐப்பசி பிறக்கும்போதே தயாராக வைத்துக்கொண்டு, சகோதரிகளிடமிருந்து அழைப்பு வந்ததும் மறுநாள் முதல் பேருந்தில் ஏற்றி அனுப்புங்கள்.